மீசையில்லாத ராஜா

தடைக்காலத்தின் நாற்பத்தோராம் இரவு.
காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற சத்தம் இல்லை.
படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொள்வது மட்டும்
ஸ்பேர் பார்ட்ஸ் கடையின் மாடிவரை ஏறி வருகிறது.

மேசைமேல் துண்டு விரித்திருக்கிறோம்.
பித்தளை வாஷர் நூறு ரூபாய், இரும்பு வாஷர் இருபது.
கப்பலில் பிலிப்பைன்ஸ்காரர்களிடம் தோற்றுத் தோற்று
ரெஜினால்ட் கற்றுக்கொண்டு வந்த ஆட்டம்.
ரம்மிக்குப் பழகிய எங்களுக்கு
பதிமூன்று சீட்டு போய் இரண்டே சீட்டு என்பது
முதலில் அரைப்பட்டினி மாதிரி இருந்தது.

கட்டைவிரலால் ஓரத்தைத் தூக்கினேன்.
கிளாவர் ராஜா.
ஆட்டின் ராஜா.

இருநூற்று இருபத்தோரு முறை சீட்டு போட்டால்
ஒருமுறை வருகிற ஜோடி.
ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன் நான்,
இதெல்லாம் தெரியும்.

முந்நூறு என்றேன். தமீம் கவிழ்த்தான்.
கிளெமெண்ட் ஆயிரம் என்றார்.
இரண்டாயிரத்து ஐந்நூறு என்றேன்.
அவர் தண்ணீர் குடித்தார். மூடியைத் திருகினார்.
பிறகு முன்னாலிருந்த வாஷர் மொத்தத்தையும்
முழங்கையால் தள்ளினார்,
சாப்பிட்டு முடித்த இலையைத் தள்ளுவதுபோல.

கிளெமெண்ட் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்.
இருபத்தாறு வருஷம்.
கீழே நிற்பவன் கை காட்டாமல்
ஒரு பெட்டியைக்கூடத் தூக்கியதில்லை.
ஒரே ஆட்டத்தில் அவர் இரண்டு தரம் ஏற்றி
இந்த எட்டு மாதத்தில் நான் பார்த்ததில்லை.
ராணி ஜோடியை வைத்துக்கொண்டு சும்மா கூட வந்தவர்.
ஒருமுறை ராஜா ஜோடியோடும் அப்படித்தான்.
கடைசியில் காட்டிவிட்டு,
"பயமா இருந்துச்சுப்பா" என்றார்.

என் ராஜாக்களை வெல்ல ஒரே ஜோடிதான் உண்டு.
அது எதிராளியிடம் இருக்க
இருநூற்று நான்கில் ஒரு வாய்ப்பு.
ஆனால் அந்தக் கணக்கு
எதிராளி யாரென்று கேட்பதில்லை.
கேட்டால்,
இருநூற்று நான்கும் சுருங்கிச் சுருங்கி
எதிரே உட்கார்ந்து பாட்டில் லேபிளைக் கிழிக்கிற
ஒரு மனிதராகிவிடுகிறது.

"இன்னாப்பா, விடிய விடிய யோசிப்பியா?"
தமீம்.

நான் போட வேண்டியது இன்னும் ஒன்பதாயிரம்.
ஐஸ் விற்காத மாதத்தில்
அரைச் சம்பளக்காரனின் ஒன்பதாயிரம்.
அன்று அது சத்தியமாக ஞாபகத்தில் இல்லை
என்று சொல்லிக்கொள்கிறேன்.

மறுபடி ஓரத்தைத் தூக்கினேன்.
நான்கு ராஜாக்களில்
ஆட்டின் ராஜாவுக்கு மட்டும் மீசை இல்லை.
வாளைத் தன் தலைக்குப் பின்னாலேயே
செருகிக்கொண்டு நிற்கிறான்.
முப்பது வருஷமாகச் சீட்டு பிடிக்கிறேன்.
இன்றுதான் பார்க்கிறேன்.

கெட்ட கையைப் போட புத்தி எதற்கு?
ஸ்கூட் என்று சொல்லிவிட்டு
டீ குடிக்கப் போய்விடலாம்.
நல்ல கையை,
அதுவும் யாருக்கும் காட்டாமல்...
மனசு எப்போதோ போட்டுவிட்டது.
மோதிர விரல்தான் சீட்டை விடவில்லை.

கவிழ்த்துத் தள்ளினேன்.

ரெஜினால்ட் கொட்டாவி விட்டான்.
"குப்பையைப் போடத்தானா இவ்ளோ நேரம்!"
தமீம் சிரித்தான்.

கிளெமெண்ட் வாஷர்களைப் பிரித்து அடுக்கினார்,
பித்தளை தனி, இரும்பு தனி.
அவர் வீசிய சீட்டில் ஒன்று
ஃபேன் காற்றில் புரண்டு மல்லாந்தது.
ஸ்பேடு ஏஸ்.
மற்றது கவிழ்ந்தபடியே கட்டுக்குள் போனது.

இன்னொரு ஏஸாக இருந்திருக்கலாம்.
மிச்சமிருந்த ராஜாக்களில் ஒருவனாகவும்.
தமீம் கலைத்தான்,
நன்றாக, மூன்று தரம்.

இரண்டு மணிக்குக் கீழே இறங்கினோம்.
என் பைக்கின் ஹேண்டில்பாரில் கை வைத்துக்கொண்டு
கிளெமெண்ட் கேட்டார்:
"உன்கிட்ட இன்னா இருந்துச்சு?"
"ஏழும் ரெண்டும்."

கொஞ்ச நேரம் படகுகளைப் பார்த்தார்.
"எனக்கும் அதான்" என்றார்.